தாளில் தங்காதது

ஆனி பிறந்து ஒன்பதாம் நாள்
மஞ்சூருக்கு மேலே ஹள்ளத்தில் இறங்கினேன்.
பழுப்புக் கண்ணாடிப் புட்டி ஆறு,
மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டி,
பாதிக்கு ஐஸ்.

முதல் மழை கொண்டுவந்த தண்ணீர்
கட்டஞ்சாயா நிறம்.
கலங்கல் என்று சொல்ல முடியாது.
அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்,
அவ்வளவு தெளிவாகச் சிவந்திருந்தது.

"சேறுன்னா ஒரு ராத்திரியில தங்கிரும் மேடம்,"
என்றார் பெள்ளி, பேரூராட்சிப் பம்ப் ஆபரேட்டர்.
"மூணு நாளாத் தொட்டியில வெச்சுப் பாத்துட்டேன்.
இது தங்க மாட்டேங்குது."

எங்கிருந்து வருகிறதென்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
சோலைக்குள்ளே காட்டு நாவல் இலை,
சரிவெல்லாம் வெள்ளைக்காரன் நட்ட சீகை,
அதன் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்பு,
புல்வெளி மடியில்
கால் வைத்தால் நடுங்கும் கரிய சதுப்பு:
எந்தக் காலத்திலோ விழுந்த புல்
முழுக்க மக்கவும் மனசில்லாமல்
புல்லாக இருக்கவும் முடியாமல்
ஊறிக் கிடக்கிறது.
மழை வந்து பிழிகிறது.

காரமடை பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்,
"மீனா?"
"தண்ணி."
"தண்ணிக்கா ஐசு?"
சிரிப்பில் லக்கேஜ் போட மறந்துவிட்டார்.

கோவையில் ஆய்வகம், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
மயிரிழையின் அகலத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்கு,
அவ்வளவு சிறிய துளைகள் கொண்ட தாள்.
தங்கினால் துகள்.
தாண்டினால் கரைந்தது.
எங்கள் சாத்திரம் இவ்வளவுதான்.
ஒரு காட்டை இரண்டாகப் பிரிக்க
ஒரு துளை போதுமென்று
யாரோ ஒரு மத்தியானம் மேசையில் உட்கார்ந்து
முடிவு செய்திருக்க வேண்டும்.
தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தது.
கீழே குடுவையில் அதே சாயா.

கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சினால்
அந்தத் தண்ணீர்
மெல்ல, தானாக, நீலமாக ஒளிர்கிறது.
முதல்முறை பார்த்த அன்று
சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குப் போனேன்.
வெயிலைத் தின்ற இலைக்கு
உதிர்ந்து, அழுகி, கரைந்து, பேரிழந்த பின்னும்
கொஞ்சம் கடன் பாக்கி.

ஊருக்கு நிறம் பிடிக்கவில்லை.
பள்ளிச் சட்டை பழுக்கிறதென்று
நாலாவது வார்டு பிரிசில்லா
குடத்தோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.
இரண்டு கிலோ போடும் இடத்தில்
நாலரைக் கிலோ பிளீச்சிங் பவுடர் கொட்டினார் பெள்ளி.
மறுநாள் குழாயில் பளிங்கு.
பிரிசில்லா பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாராம்.

நிறம் போனது.
இலை எங்கே போகும்?
துவர்ப்பும் குளோரினும் சந்தித்த இருட்டில்
வேறொன்று உண்டாகியிருந்தது.
அதற்கு நிறமில்லை.
ஆஸ்பத்திரி வராந்தாபோல லேசாக ஒரு வாசனை,
நீளமான ஒரு பேர்.
என் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

நிறம்: ஏற்கத்தக்கது.
கலங்கல்: ஏற்கத்தக்கது.
கையொப்பம்: மா. பவளவல்லி.

விளிம்பில் பென்சிலால் அந்தப் பேரை எழுதிவைத்தேன்.
ஸ்கேனரில் பென்சில் விழாது என்று
அப்புறம் சொன்னார்கள்.

பெள்ளிக்குப் போன் போட்டேன்.
முதலில் தொட்டிக்கு வரும் இலையைத் தடுங்கள்,
படிகாரம் கலக்கிப் படியவிடுங்கள்,
பவுடர் கடைசியில், அதுவும் அளவாக.
அந்தப் பக்கம் பம்ப் ஓடும் சத்தம் மட்டும்.
பிறகு,
"மலையே இலைதானே மேடம்."

ஆடியில் மறுபடி போனேன்.
ஹள்ளத்தின் வாயில் கொசுவலை கட்டியிருந்தார்,
டீக்கடை வடிகட்டிபோல அது தொங்கியது,
கனத்த சீகைச் சருகோடு.
தொட்டி ஓரம் படிகாரக் கட்டி, கயிற்றில்.
தண்ணீர் வலையைத் தாண்டி
போன மாதத்தைவிட ஒரு சாயல் வெளுத்து வந்தது.
எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ,
எண் வந்தால் தெரியும்.

புட்டியைத் திறந்தேன்.
எந்தத் தண்ணீரை எடுக்கப்போகிறாயோ
அதனாலேயே மூன்று முறை அலசு
என்பது விதி.
அலசினேன்.
மூன்றாவது தடவை கொட்டியது
பெள்ளியின் செருப்பில் விழுந்தது.
அவர் காலை நகர்த்தவில்லை.